நீண்ட முறை, குறுகிய முறை, என் மாமனார்

என் மாமனார் கனகலிங்கம் பொதுப்பணி இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டில் உப்பு தீர்ந்தால் சாப்பாட்டு மேசைமேல் ஒரு காகிதம் இருக்கும்: 'உப்பு. உடனடி நடவடிக்கைக்கு.' கீழே தேதி, கையெழுத்து. நடவடிக்கை எடுக்க வேண்டியவள் நான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் கையில் என் கருத்தரிப்புச் சிகிச்சை சிக்கினால் என்ன ஆகும் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும். முதல் இரண்டு முறை நானும் என் கணவர் ஷானும் யாருக்கும் தெரியாமல்தான் செய்தோம். மூன்றாவது முறைக்குள் மாமாவும் மாமியும் சிரம்பான் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்கே வந்துவிட்டார்கள். வீட்டில் ஒரே பிரிட்ஜ். முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் என் ஊசிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"இது என்ன பிள்ளை, இன்சுலினா?" என்று கேட்டார் மாமி நேசம்மா.

பொய் சொல்லத் தெம்பில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். மாமி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கோப்பு வாங்கக் கடைக்குப் போனார்.

இதுதான் கடைசி முயற்சி என்று நானும் ஷானும் பேசி முடித்திருந்தோம். எனக்கு முப்பத்தெட்டு வயது. எனக்குப் பிள்ளை வேண்டும். இதைச் சத்தமாகச் சொன்னால் அழுகை வந்துவிடும் என்பதால் எல்லார்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ஊசி வேறு ஏற்கெனவே இருக்கிற கோபத்தை இரட்டிப்பாக்கியது. ஒருநாள் பிஸ்கட் விளம்பரம் பார்த்து விம்மி விம்மி அழுதேன். அதில் ஒரு நாய்தான் வந்தது.

சமந்தாவை மருத்துவமனையில்தான் சந்தித்தேன். ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். ஏர்கோன் பல் கிட்டும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க லோங்கா, ஷோர்ட்டா?" என்று கேட்டாள்.

ஜெயிலில் தண்டனைக் காலம் விசாரிப்பது போலிருந்தது. பிறகுதான் அவளும் எங்கள் அடுக்குமாடிதான் என்று தெரிந்தது. நாங்கள் பன்னிரண்டாவது மாடி, அவள் ஏழாவது. கணவர் பிராண்டனுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. அவள் அம்மா கெர்ட்ரூட் ஆன்டி கூடவே இருந்தார். தேவாலயத்தில் பூ அலங்காரம் முதல் பாதருடைய மாத்திரை வரை எல்லாம் ஆன்டியின் பொறுப்பு.

இரண்டு முறைகளும் பெயரில் தோன்றும் அளவுக்குப் பெரிய மர்மமில்லை. நீண்ட முறையில் முந்தைய மாதமே ஊசி தொடங்கிவிடும். முதலில் சினைப்பையை இரண்டு மூன்று வாரம் தூங்க வைத்து, அதன்பிறகு கருமுட்டை வளர்க்கிற ஊசி போடுவார்கள். குறுகிய முறையில் தூங்க வைக்கிற வேலையே கிடையாது. மாதவிடாய் வந்த இரண்டாம் நாளே வளர்க்கிற ஊசி, நடுவில் முட்டை அவசரப்பட்டு வெளியே வராமலிருக்க இன்னொரு ஊசி. யாருக்கு எது என்பதை வயது, இரத்தப் பரிசோதனை, பழைய நோய் எல்லாம் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். எனக்குக் குறுகியது. சமந்தாவுக்கு நீண்டது, அந்தத் தூக்க ஊசிதான் அவளை வியர்க்க வைத்தது.

"மூணு வாரமா குத்திக்கிட்டு இருக்கேன். நேத்து வந்த நீ என்னை ஓவர்டேக் பண்ணிட்ட லா!" என்று சமந்தா சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஸ்கேன் இருக்கிற நாளெல்லாம் ஒன்றாகத் தோசை சாப்பிட்டோம். யாருக்கு எங்கே வீங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொண்டோம்.

இந்த நட்பைக் கெடுத்தது மாமாவின் அட்டவணை.

இரண்டு பேருடைய சிகிச்சையையும் என் வாயிலிருந்தே கறந்துவிட்டு, பாலம் கட்டக் குத்தகைக்காரர்களை ஒப்பிடுகிற பாணியில் ஒரு பெரிய தாளில் கோடு போட்டார். நபர் 'அ', நபர் 'ஆ'. மருந்தின் பெயர், அளவு, நாட்கள், பக்க விளைவு என்று தொடங்கி இறுதி ஊசி வரை ஒன்பது வரிசை. அதற்கும் கீழே 'கருத்து' என்று ஒரு கட்டம். குறுகிய முறை என்றால் பாதி வேலையில் கையைக் கழுவுவது என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. "கவர்மெண்ட்ல ஷோர்ட் கட் எடுத்த வேலை எதுவும் நிக்காது பிள்ளை, ஆறு மாசத்துல ரோட்டுல குழி விழும்" என்றார். டாக்டருக்கே ஆட்சேபக் கடிதம் எழுதினார். அரசாங்கக் கடிதங்களை முடிப்பது போல மலாயில் 'சாயா யாங் மெனுருட் பெரிந்தா' என்று, அதாவது கட்டளைக்குப் பணிந்தவன் என்று, கையெழுத்தும் போட்டார். யாருடைய கட்டளைக்கு என்று கேட்டேன். கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். அட்டவணையில் தன் விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்படி ஒரு நகலைச் சமந்தா வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார். என் பெயருக்கு நேரே கருத்து: 'அவசரம்.' அவள் பெயருக்கு நேரே: 'காலதாமதம்.'

ஐந்து நிமிடத்தில் சமந்தா மேலே வந்தாள். முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை ஓட, தாளைக் கையில் ஆட்டினாள்.

"காலதாமதமா? நான் என்ன பஸ்ஸா?"

"எனக்கும் அவசரம்னுதான் போட்டிருக்காரு. நான் கத்துறேனா?"

"ஷோர்ட் கட்ல போறவளுக்கு என்ன தெரியும்!"

"ஒரு மாசம் தூங்குறவ என்னைப் பத்திப் பேசாத!"

நாங்கள் சொன்னது பாதி, ஊசி சொன்னது பாதி. ஒன்பது நாள் பேசவில்லை. லிப்ட்டில் பார்த்தால் இருவரும் மாடி எண்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு போனோம். தோசைக் கடைப் பக்கமே நான் போகவில்லை.

வியாழக்கிழமை காலை ஸ்கேனில் டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "பதினோரு முட்டைப் பை நல்லா வளர்ந்திருக்கு. இன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசி ஊசி. சனிக்கிழமை காலையில ஒன்பதுக்கு முட்டை எடுப்போம். நடுவுல சரியா முப்பத்தாறு மணி நேரம். ஒன்பதுன்னா ஒன்பது."

கடைசி ஊசிதான் முட்டையைப் பழுக்கச் செய்வது. அது இல்லாவிட்டால் அதுவரை போட்ட பதினைந்து ஊசியும் வீண். மருந்தெல்லாம் முதல் நாளே மொத்தமாகத் தந்துவிட்டார்கள். கடைசி ஊசியும் பிரிட்ஜில் இருந்தது. இருந்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமிக்கு ஒரு வாரமாக ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. கெர்ட்ரூட் ஆன்டி ஞாயிற்றுக்கிழமை சமந்தாவின் மருந்தை ஐஸ் பெட்டியோடு தேவாலயத்துக்குத் தூக்கிப்போய், பூசை முடிந்ததும் பாதரிடம் ஆசீர்வாதம் வாங்கிவிட்டார். புதுக் காருக்கும் ஜெபமாலைக்கும் நடுவில் ஐஸ் பெட்டிக்கும் தீர்த்தம் தெளித்தாராம். இதைக் கீழ்மாடியில் யாரோ மாமியிடம் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மருந்து ஆசீர்வாதம் வாங்கியிருக்க, நம் மருந்து மட்டும் சும்மா முட்டைக்குப் பக்கத்தில் கிடப்பதா?

அன்று மாலை நான் படுத்திருந்த நேரம் பார்த்து, மாமி கடைசி ஊசியை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முருகன் கோயிலுக்குப் போனார். அர்ச்சனைக் கூடையில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, நடுவில் ஊசி. என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிக் கூடையை ஐயரிடம் கொடுத்தார். வரிசையில் இருந்தவர்களின் கூடைகள் எல்லாம் ஒரே சிவப்பு நிறம். ஐயர் மந்திரம் சொல்லி, கூடையைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல நேரத்துக்கு முன் பிரிக்கக்கூடாது என்று மாமி அதை அப்படியே பையில் கட்டி வந்து பிரிட்ஜில் வைத்தார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்த கதை.

எட்டு இருபதுக்கு மாமி பையை வெளியே எடுத்து, பெருமையாக விஷயத்தைச் சொல்லி, என் முன்னால் பிரித்தார். இரண்டு தேங்காய் மூடி. வாழைப்பழம். வெற்றிலை. சந்தனம் பூசிய ஒரு சாவி.

நான் சாவியைப் பார்த்தேன். ஷான் சாவியைப் பார்த்தார். சாவி நன்றாகக் குளிர்ந்திருந்தது.

"மாமி, ஊசி எங்க?"

மாமி வெற்றிலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சாவியில் ஒரு தகடு தொங்கியது. 'வேலாயுதம் லோரி, பண்டமாரான்', ஒரு கைப்பேசி எண். ஷான் எண்ணை அழுத்தி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணே, கோயில்ல கூடை மாறிப் போச்சு. உங்க கூடையில ஒரு ஊசி இருக்கா?"

"ஆமாண்ணே, இருந்துச்சு. புது லோரிக்கு ஸ்பேர் சாவிய வெச்சுக் கும்பிட வந்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா ஊசி இருக்கு. சரி, கடவுள் குடுத்ததுன்னு நெனச்சேன் லா."

"இப்ப எங்க இருக்கு?"

"லோரில சாமி படத்துக்கு முன்னாடி வெச்சு, சூடம் காட்டிட்டேன். லோரிக்குத் தடுப்பூசி மாதிரின்னு என் வீட்டுக்காரி சொன்னா."

ஷான் கார் சாவியையும் லோரி சாவியையும் பிடுங்கிக்கொண்டு, "நான் போய் எடுத்துட்டு வரேன்!" என்று ஓடினார். பண்டமாரான் போய்வர அந்த நேரத்து நெரிசலில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கணக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் என் கணவருக்குச் சும்மா நிற்கத் தெரியாது.

நான் மருத்துவமனைத் தாதி தாமரையை அழைத்தேன். அவர் ரவாங்கில் தன் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, சூடம் காட்டினதா? அத போடாதீங்க! மருந்து கெட்டுப் போயிருக்கும். இங்க மருந்து அறைச் சாவி எங்க பார்மசிஸ்ட் கையில, அவரு கல்யாணத்துக்கு ஈப்போ போயிட்டாரு. சாதாரண மருந்துக்கடையில இது கிடைக்காது. யாராவது கிட்ட இருந்தாத்தான்..."

மணி எட்டு முப்பத்தொன்று. சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றில் பதினோரு பை. அவற்றுக்கு நான் பெயர் வைக்காத குறைதான். மாமி தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடு பிள்ளை" என்று அழுதார். அவரைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

மாமா மட்டும் பிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதன் கதவில் அவருடைய அட்டவணை ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, விரலை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாக நகர்த்தினார்.

"வேற... வேற... இதுவும் வேற... அளவும் வேற..." விரல் கடைசி வரிசையில் நின்றது. "பிள்ளை. வரிசை ஒன்பது. இறுதி ஊசி. நபர் 'அ', நபர் 'ஆ'. ரெண்டும் ஒரே மருந்து. ஒரே அளவு."

தாமரை இன்னும் தொலைபேசியில்தான் இருந்தார். "ஆமா! சமந்தாவுக்கும் அதேதான்! அவங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரிதான் வேணும். நாளைக்கு அவங்களுக்குப் புதுசு குடுத்துடலாம், நான் டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன். அவங்க கிட்ட கேளுங்க!"

உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, அவளிடமா கேட்பது? ஆனால் என் கால்கள் அதற்குள் எழுந்துவிட்டன.

"நில்லு பிள்ளை, முறையா ஒரு விண்ணப்பம் எழுதிடுறேன்" என்று மாமா காகிதத்தைத் தேடினார். "ரெண்டு நகல் போதும்."

"மாமா!" என்று நான் போட்ட கூச்சலில் பேனா அவர் கையிலிருந்து விழுந்தது. லிப்ட் இருபதாவது மாடியில் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. வீங்கிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடி இறங்கினேன். எனக்குப் பின்னால் மாமி, அவருக்குப் பின்னால் அட்டவணையோடு மாமா.

ஏழாவது மாடியில் சமந்தா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பதினைந்து பேர் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்னால் கெர்ட்ரூட் ஆன்டி. அவர் ஜெபமாலையைத் தொடங்கிவிட்டால் தீப்பிடித்தாலும் நிறுத்தமாட்டார் என்பது அடுக்குமாடிக்கே தெரியும். சமந்தாவுக்காகத்தான் இந்த ஜெபம். சமையலறையும் பிரிட்ஜும் அவர்களுக்கு அந்தப் பக்கம் இருந்தன.

வேறு வழி தெரியாமல் நானும் கடைசி வரிசையில் முழங்காலிட்டேன். மாமி பக்கத்தில் முழங்காலிட்டுக் கைகூப்பி "முருகா" என்றார். மாமாவும் முழங்காலிட்டார். மூட்டு இரண்டும் சத்தம் போட்டன. முன்வரிசையில் சமந்தா திரும்பிப் பார்த்தாள். எங்கள் மூவரையும் பார்த்து, பேயைப் பார்த்த மாதிரி விழித்தாள். சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாற்பத்து நான்கு.

அவள் முழங்காலாலேயே நகர்ந்து பின்வரிசைக்கு வந்தாள்.

"என்ன வேணும்?" மெல்லிய குரலில், முகத்தைச் சாமி படத்துப் பக்கமே வைத்துக்கொண்டு.

"உன் கடைசி ஊசி."

"என்னது!"

எல்லாரும் ஜெபத்தின் மறுபாதியைச் சொன்னபோது அதற்கு அடியில் நான் கோயில், லோரி, சூடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தாமரை சொன்னதையும் சொன்னேன். "இதுதான் எங்களுக்குக் கடைசித் தடவை, சமந்தா. இதுக்கப்புறம் இல்ல. நீ முடியாதுன்னு சொன்னா நான் கோவப்படமாட்டேன்" என்றேன். இந்த முயற்சி தொடங்கியதிலிருந்து நான் சாந்தமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

சமந்தா சாமி படத்திலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் இது மூன்றாவது முறை. எனக்கு அது தெரியும். நான் கேட்பது என்ன என்பதும் தெரியும்.

"நாளைக்குக் கண்டிப்பா குடுப்பாங்களா?"

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி தொறக்கறதுக்கு முன்னாடி நான் வாசல்ல நிப்பேன்மா" என்றார் மாமா. "எழுத்துப்பூர்வமா வேணும்னாலும்..."

"எழுத வேணாம் அங்கிள். நீங்க எழுதினா எனக்குப் பிரஷர் ஏறுது."

சொல்லிவிட்டு எழுந்தாள். ஜெபமாலை நடுவில் எழுந்துபோன முதல் ஆள் அந்த வீட்டிலேயே அவளாகத்தான் இருக்கும். கெர்ட்ரூட் ஆன்டி ஜெபத்தை விடாமல் அவளை முறைத்தார். குரல் மட்டும் ஒரு படி உயர்ந்தது.

நாங்களும் அவள் பின்னால் சமையலறைக்குள் நுழைந்தபோது எட்டு ஐம்பத்து நான்கு. கைப்பேசியில் தாமரை மருந்தின் பெயர், அளவு, தேதி எல்லாவற்றையும் எங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மாமா அட்டவணையோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டார். நான் ஊசியைக் கையில் எடுத்தேன். எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. வீட்டில் எனக்கு ஊசி போடுகிறவர் ஷான். ஷான் அந்நேரம் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு சிமெண்ட் லோரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"குடு இங்க" என்றாள் சமந்தா. "நீ பதினஞ்சு ஊசி பாத்தவ. நான் முப்பத்தாறு. நானே எனக்குப் போட்டுக்கிட்டது. தூங்கிக்கிட்டே போடுவேன். லோங் லா."

என் வயிற்றைப் பஞ்சால் துடைத்து, சதையைக் கிள்ளிப் பிடித்தாள். மாமா கடிகாரத்தைப் பார்த்து, "எட்டு ஐம்பத்தொன்பது... முப்பது வினாடி... பத்து..." என்று எண்ணினார். வெளியே ஜெபம். மாமி கண்ணை மூடிக்கொண்டார். சரியாக ஒன்பதுக்கு ஊசி இறங்கியது. எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. ஷான் போட்டால் இரண்டு நாள் நீலமாக இருக்கும்.

"முடிஞ்சுது" என்றாள் சமந்தா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, எனக்குக் கண்ணீர் கொட்டியது. கட்டிப்பிடிக்கப் போனோம். இரண்டு வீங்கிய வயிறும் முட்டிக்கொண்டதில் "ஆ" என்று ஒரே நேரத்தில் கத்தினோம்.

அப்போதுதான் வெளியே கெர்ட்ரூட் ஆன்டி ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளைத் தொடங்கினார். "இது மேல்மாடி இந்துஜாவுக்காக" என்று என் பெயரைச் சத்தமாக அறிவித்துவிட்டே தொடங்கினார். சமையலறைக் கதவு திறந்திருந்ததும், ஆன்டியின் காது எவ்வளவு கூர்மையானது என்பதும் எங்களுக்கு மறந்தே போயிருந்தது.

மாமி தேம்பித் தேம்பி அழுதார். "என்ன நல்ல மனசு! சமந்தா பிள்ளை, நாளைக்கு உன் புது ஊசி வந்ததும் நானே அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்..."

"வேணாம்!" என்று நானும் சமந்தாவும் மாமாவும் தொலைபேசியிலிருந்து தாமரையும் கத்தினோம். ஜெபம்கூட ஒரு நொடி நின்றது.

மாமா அட்டவணையை அடுப்பு மேடைமேல் விரித்தார். நபர் 'ஆ'வுக்கு நேரே 'காலதாமதம்' என்று எழுதியிருந்ததை ஒரே கோட்டால் வெட்டினார். பக்கத்தில் விதிப்படி இனிஷியல் போட்டு, தேதி போட்டார். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தார். கடைசியில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டுப் பேனாவை மூடினார். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் அவர் வெறுமையாக விட்ட முதல் கட்டம் அது என்று மாமி பிறகு சொன்னார்.

ஷான் பத்தரைக்கு வந்து சேர்ந்தார். கையில் குங்குமம் வைத்த ஊசி, வேலாயுதம் வீட்டிலிருந்து ஒரு டப்பா லட்டு.

சனிக்கிழமை காலை எனக்கு ஒன்பது முட்டை எடுத்தார்கள். அன்று இரவு டாக்டர் படுத்திரு என்றதைக் காதில் வாங்காமல், லிப்ட்டில் ஏழாவது மாடிக்கு இறங்கினேன். சமந்தா சமையலறை நாற்காலியில் புது ஊசியோடு காத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே மாமா மருத்துவமனை வாசலில் நின்று வாங்கி வந்தது. முந்தின ஊசி எல்லாவற்றையும் தானே போட்டுக்கொண்டவள் இந்த ஒன்றை மட்டும் என்னிடம் நீட்டினாள். தனக்கு இதுதான் கடைசி என்று அவளும் பிராண்டனும் முடிவு செய்திருந்ததை அப்போதுதான் சொன்னாள்.

நான் அவள் வயிற்றைத் துடைத்து, சதையைக் கிள்ளிப் பிடித்தேன். வாழ்க்கையில் இன்னொருத்தருக்கு ஊசி போடுவது அதுதான் எனக்கு முதல்முறை.

சமந்தா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்தாள்.

"மெதுவா, இந்து. ஷோர்ட் கட் எடுத்துடாத."